கழியிறவும் தூண்டிலிரையும்

1. ஆய்பொருள்

நெய்தல் நில மக்களின் மீன்பிடித் தொழிலை ஆராய்வோர் பெரும்பாலும் வலை, திமில், எறியுளி என்பவற்றையே எடுத்துரைப்பர். தூண்டில் பற்றிச் சிறிதளவே கூறப்படும். தூண்டிலிற் கோக்கும் இரை பற்றியோ கூறுவார் அரியர். எனினும், தூண்டிலால் மீன் கொள்ளும் தொழிலுக்கு இரையே முதல். அவ்விரையைத் தேடிக் காணுதலும், பிடித்தலும், உயிர் போகாமற் காத்தலும், உரிய வேளையில் முள்ளிற் கோத்தலும் மீன் பிடித்தற்கு முன்னர் நிகழும் தனித்தொழிலாம். கழிமுகங்களில் கொடுவா முதலிய மீன்களைக் குறித்துத் தூண்டிலிடுவோர் உயிருள்ள இறாலையே சிறந்த இரையாகக் கொள்கின்றனர்.

இவ்வழக்கின் பழைமையைச் சங்கச் செய்யுட்களைக் கொண்டு அறிதல் கூடுமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது. இதற்கு மூன்று வினாக்களை எழுப்பி விடை காணல் வேண்டும். பண்டைப் புலவர் இறவினை எவ்விடத்ததாகக் கண்டனர்? தூண்டிலையும் இரையையும் எவ்விடத்தே கண்டனர்? அவ்விரண்டும் ஓரிடத்தே அமையின், ஒன்று மற்றொன்றிற்குப் பயன்பட்டது என்று துணிதல் தகுமோ? மூன்றாம் வினாவே இடர்ப்பாடு உடையது. பாட்டினைத் தொழில் வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளுங்கால் எல்லை யாது என்னும் பொது வினாவும் அதனுள் அடங்கும்.

2. இறவு, இறா, இறால்

இன்று எழுத்து வழக்கில் நிலைபெற்றுள்ள சொல் இறால் என்பதாம். சங்கச் செய்யுட்களில் இவ்வுயிரைக் குறிக்கப் பெரிதும் வழங்குவன இறவு, இறா என்னும் வடிவங்களே. இறால் என்னும் சொல் தேனடையையும் குறிக்கும் பழஞ்சொல். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இவ்விரு பொருளையும் தரும். கடற்கரையூர்களில் மக்கள் வாயில் வழங்கும் ‘எறா’ என்னும் வடிவம், பழைய ‘இறா’ என்பதன் முதலெழுத்துத் திரிந்த உருவமே. ஆகவே எழுதுவோர் கைவிட்ட பழஞ்சொல்லைப் பேசுவோர் கைவிடாது காத்துள்ளனர் என்க.

மலையாளத்தார் இவ்வுயிரைச் செம்மீன் என்பர். சங்கத் தமிழில் செம்மீன் என்பது வானத்து விண்மீனைக் குறிக்கும். புறநானூற்று 60ஆம் பாட்டு அச்செம்மீனுக்கு நடுக்கடலில் விளங்கும் திமில் விளக்கை உவமையாக்கும். மலையாளச் சொல்லிற்கு அடிப்படையான நிறக் கருத்து ஐங்குறுநூற்று 188ஆம் பாட்டில் வரும் ‘சேயிறா’ என்னும் தொடரிலும் உண்டு. பெயர் வேறாயினும் செம்மை என்னும் அடையால் இவ்வுயிரைச் சுட்டும் வழக்கு இருமொழிக்கும் பொதுவாதல் நோக்குக.

இறவின் உறுப்புகளைப் புலவர்கள் நுணுகிக் கண்டுள்ளனர். நம்பிகுட்டுவன் பாடிய குறுந்தொகை 109ஆம் பாட்டு, வளைந்த காலையும் வளைந்த முதுகையும் கூறும். நற்றிணை 111ஆம் பாட்டு, பஞ்சு போன்ற நுனியுடைய தலையைக் கூறி, அதற்குப் பாலை நிலத்து இருப்பைப் பூவை உவமிக்கும். நற்றிணை 101ஆம் பாட்டு, முற்றாத மஞ்சட் கிழங்கின் பசும்புறத்தை உவமையாக்கி, மேனியின் சொரசொரப்பைக் காட்டும். கண்ணாற் கண்டும் கையால் தொட்டும் அறிந்தார்க்கன்றி இவ்வுவமைகள் தோன்றா.

இன்னொன்றும் கருதத்தக்கது. நற்றிணை 111, குறுந்தொகை 320 ஆகிய பாட்டுகள் இறவினை மீனோடு சேர்த்துக் கூறினும், மீனின் வேறாகவே கூறுகின்றன. இறவு முதுகெலும்பு இல்லாதது, ஓடு உடையது, ஓட்டினைக் கழற்றி வளர்வது. அதனை மீனினத்துள் அடக்காது உடன்வைத்து எண்ணிய புலவரின் நோக்கு இன்றைய உயிரியலுக்கும் ஒத்ததே. இறவு என்பதற்கு ‘ஒருவகை மீன்’ என்று மட்டும் பொருளெழுதி அமையும் உரைகள் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன.

3. கழியும் கடலும்

இறவு எவ்விடத்தது என்பதே அடுத்த வினா. தும்பிசேர்கீரன் பாடிய குறுந்தொகை 320ஆம் பாட்டில், பரதவர் பெருங்கடலிற் கொண்ட மீன் ஒருபுறமும், கரிய கழியிற் கொண்ட இறவு ஒருபுறமும் வெண்மணலிற் காய்கின்றன. மீனுக்குக் கடலும் இறவுக்குக் கழியும் இடமாகப் பிரித்துரைக்கப்படுதல் காண்க. நற்றிணை 101ஆம் பாட்டில் உலர்த்தப்படும் இறவுக்குவியலும் ஊரைச் சூழ்ந்த கழியினின்று கொண்டதே. ஐங்குறுநூறு 188ஆம் பாட்டில், கொற்கைக் கழியில் பறவைக்கூட்டம் சேயிறாவை உண்கின்றது. எனவே கழியே இறவின் இடம் எனத் தோன்றும்.

ஆயின் இதற்கு மாறாகத் தோன்றும் சான்றுகளும் உள. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து மீன்தொழிலாளர் கடல் இறவினைச் சுட்டுத் தின்கின்றனர். குறுந்தொகை 109ஆம் பாட்டில் இறவின் பெருங்கூட்டத்தைக் கடலலை கொண்டுவந்து துறையிற் சேர்க்கின்றது. இவற்றைப் புலவர்தம் கவனக் குறைவாகவோ, நெய்தற் கருப்பொருள்களை வரையறையின்றி மயக்கியதாகவோ கொள்ளுதல் பொருந்தாது. இறவின் வாழ்க்கையை அறிவார்க்கு இம்முரண் நீங்கும்.

வெள்ளை இறால் முதலிய கடலிறால்கள் கடலிலேயே முட்டையிடும். முட்டையினின்று வெளிப்பட்ட நுண்ணுயிர், பல உருமாற்றங்களைக் கடந்து, சில வாரங்களில் ஓதத்தோடு கழிமுகத்துட் புகும். உவரும் நன்னீரும் கலந்த கழியில், கண்டல் வேர்களிடையிலும் நீர்ப்பூண்டுகளிடையிலும் சில திங்கள் தங்கி, சேற்றிலுள்ள நுண்பொருள்களை உண்டு வளரும். ஓரளவு வளர்ந்தபின், பெரும்பாலும் இரவில், வற்றத்தோடு கழியை விட்டுக் கடலுக்கு மீண்டு, ஆண்டு முழுவளர்ச்சி எய்தி முட்டையிடும். ஆற்றிறால் இதற்கு மறுதலையானது. அது நன்னீரில் வளர்ந்து, முட்டையிடும் பொருட்டு உவர்நீர் நோக்கி இறங்கிவரும்.

ஆகவே கழியில் உள்ளது இளைய இறவு. கடலில் உள்ளது முதிர்ந்த இறவு. மணலிற் பரப்பி உலர்த்தப்பட்டது கழியிறவு. நெருப்பிற் சுட்டுத் தின்னப்பட்டது கடலிறவு. சிறியது உலர்த்தற்கும் பெரியது சுடுதற்கும் ஏற்றதாதல் வெளிப்படை. பாட்டுகளின் வேறுபாடு இறவின் பருவ வேறுபாட்டோடு பொருந்துகின்றது. புலவர்கள் இறவின் வாழ்க்கைச் சுழற்சியை அறிந்திருந்தனர் என்று இதனாற் கூறலாகாது. அவர்கள் கண்ட இடத்தைக் கண்டவாறே கூறினர் என்பதும், அக்காட்சி பிழையற்றது என்பதும் போதரும்.

4. இரையும் தூண்டிலும்

இரை என்னும் சொல் உண்ணும் உணவையும், பிறவுயிர் கவர்தற்குரிய உயிரையும், தூண்டிலிற் கோக்கும் பொருளையும் குறிக்கும். மலையாளத்தில் ‘இர’ என்றும், தெலுங்கில் ‘எர’ என்றும், கன்னடத்தில் ‘எரெ’ என்றும் இதன் இனச்சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் தெலுங்கும் கன்னடமும் மண்புழுவையும் இச்சொல்லாற் குறித்தல் கருதற்குரியது. குளத்திலும் ஆற்றிலும் தூண்டிலிடுவார்க்கு மண்புழுவே எளிதிற் கிடைக்கும் இரையாதலின், இரையின் பொதுப்பெயர் அவ்வொன்றற்குச் சிறப்புப் பெயராயிற்று எனக் கொள்ளலாம். தமிழில் அச்சொல் அவ்வாறு ஒன்றற்கே உரியதாகாது பொதுமையில் நின்றது. ஒரு தொழிலின் வரலாறு சொல்லின் பொருளிலும் பதிந்திருக்கும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

தூண்டிலைப் பற்றிய சங்கச் செய்திகளுட் சிறந்தது பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. மீன் கொள்ளுதலில் வல்ல பாண்மகன், புதிய ஊன் இட்ட தோற்பையைத் தோளிற் கட்டியுள்ளான். நீண்ட மூங்கிற் கோலும், அதிற் பிணித்த நாணும், வளைந்த வாயையுடைய இரும்பும் அவன் கருவிகள். முள்ளை மறைத்த இரையைக் கவ்வித் தப்பிய வாளைமீன், பின்னர் நீரருகே நிற்கும் பிரம்பின் அசையும் நிழலைக் கண்டும் அஞ்சுகின்றது. இரை இன்னதென வெளிப்படக் கூறும் அரிய இடம் இது. ஆண்டு இரையாவது ஊன். அதனை வைத்துக்கொள்ளும் கலம் தோற்பை. கடலிறவின் சூட்டினைப் பாடிய உருத்திரங்கண்ணனாரே இதனையும் பாடியவர்.

மதுரை நக்கீரர் பாடிய அகநானூற்று 36ஆம் பாட்டில், இரும்பு முள்ளிற் பொருந்திய இரையை விழுங்கிய வரால், ஆம்பல் இலை கிழியவும் குவளை மலர் சிதையவும் பாய்ந்து, தூண்டிலான் இழுக்க வாராது, கயிறிட்ட சினமிக்க காளை போல எதிர்நிற்கின்றது. குறுந்தொகை 54ஆம் பாட்டில், யானை வளைத்துக் கைவிட்ட மூங்கில் மேலெழுதற்கு மீன் கவர்ந்த தூண்டில் உவமையாகின்றது. அவ்வுவமையாலேயே அப்புலவர் மீனெறிதூண்டிலார் எனப் பெயர் பெற்றார். திருக்குறளின் 931ஆம் குறள், சூதில் வென்ற பொருளுக்கு மீன் விழுங்கிய தூண்டில் இரும்பை உவமிக்கின்றது. முள்ளை மறைத்து நிற்கும் இரையே அவ்வுவமைக்கு உயிர்.

இவை யாவும் நன்னீர் நிலையையோ பொதுநிலையையோ பற்றியன. கடல்நோக்கிச் செல்லும் இளைஞர் வலையோடு தூண்டிலும் ஏந்திச் செல்லுதலை நற்றிணை 207ஆம் பாட்டு காட்டும். கழியில் தூண்டிலிடுதலைக் காட்டுவதோ அம்மூவனார் பாடிய ஐங்குறுநூற்று 111ஆம் பாட்டு. சூழ்ந்த கழியின் பக்கத்தே பாணன் நாணில் இரையைக் கொளுவிச் சினையுடைய கயலைக் கொல்கின்றான் என்பது அங்குள்ள செய்தி. இவ்வாய்விற்கு இதுவே தலைமையான சான்று.

5. பாட்டின் மௌனம்

இனி மூன்றாம் வினாவிற்கு வருவோம். நற்றிணை 101ஆம் பாட்டில் இறவு கொள்ளப்பட்ட இடம் ‘சூழ்கழி’. ஐங்குறுநூறு 111ஆம் பாட்டில் பாணன் இரை கொளுவிய இடமும் ‘சூழ்கழி’. சொல்லும் இடமும் ஒன்றாகவே உள்ளன. கழியிற் பெருகிக் கிடக்கும் இளைய இறவு, கையெட்டும் தொலைவில் உள்ளது. பறவைகள் அதனைக் கவர்தலைப் புலவரே கண்டுள்ளனர். மீன்களும் அதனை விரும்பும் என்பதைத் தூண்டிலிடும் பாணன் அறியாதிருத்தல் அரிது. ஆகவே அவன் நாணிற் கொளுவியது கழியிறவாதல் கூடும்.

‘கூடும்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூறலாகாது. அவன் இரை ஊனாகவோ, புழுவாகவோ, சிறுமீனாகவோ இருத்தலும் கூடும். பாட்டு அதனைக் கூறவில்லை. இரண்டு பாட்டுகளில் ஒரே சொல் வருதல் கொண்டு ஒரு தொழிலையே படைத்துவிடுதல் ஆராய்ச்சி நெறியன்று.

ஆயின், பாட்டுக் கூறாமையால் அத்தொழில் இல்லை என்றலும் அத்துணையே தவறாகும். புலவர்கள் தொழில்நூல் எழுதினாரல்லர். அகப்பாட்டில் கருப்பொருள் இடம்பெறுவது பெரும்பாலும் உவமைக்கோ உள்ளுறைக்கோ பயன்படும் அளவிற்கே. அகநானூற்று வரால் எத்துணை ஆற்றலோடு எதிர்த்தது என்பது வேண்டப்பட்டது. அது விழுங்கிய இரை எதனால் ஆயது என்பது வேண்டப்படவில்லை. ஐங்குறுநூற்றில் துறைவனது நட்பைப் பற்றித் தலைவி கூறும் கூற்றிற்குப் பாணன் கயலைக் கொல்லுதல் வேண்டப்பட்டது. அவன் கூடையில் இருந்தது வேண்டப்படவில்லை. இறவும் அவ்வாறே. பறவை உண்ணும் உணவாகவும், பாக்கத்தில் உலரும் பொருளாகவும் அது நெய்தற் காட்சியை நிரப்பியது. ஆற்றுப்படையோ வழியிற் காணும் மக்களின் வாழ்க்கையை விரித்துரைக்கும் நூல். ஆதலின் பாண்மகன் தோளிலிருந்த பையும் அதனுள் இருந்த ஊனும் அதன்கண் இடம்பெற்றன. எனவே இரையின் பெயர் கூறப்படுதலும் படாமையும் நூலின் வகையைப் பொறுத்தன எனலாம்.

ஒப்பாய்விற்கு ஒரு நூலைச் சுட்டலாம். மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில், மீன்பிடி விளையாட்டினைக் கூறும் பகுதி ஒன்று உண்டு. மீன்வகைகளும் அவற்றிற்கு இடும் உணவும் தூண்டிற் கருவிகளும் அதிற் கூறப்படுகின்றன. அரசர்க்கு அது விளையாட்டு, ஆகவே எழுதப்பட்டது. பாணனுக்கும் பரதவர்க்கும் அது வயிற்றுப்பாடு. அவர்தம் அறிவு கையிலும் வாயிலும் நின்றது. ஏட்டில் ஏறாத அறிவைத் தேடுவார் ஏட்டிற்கு வெளியே செல்லுதல் வேண்டும்.

6. உயிரிறாலைத் தேடலும் பிடித்தலும்

இறாலைக் காணுதற்கு நீரின் இயக்கத்தை அறிதல் வேண்டும். பகலில் அது பெரும்பாலும் சேற்றிலும் மணலிலும் புதைந்து கிடக்கும். இருள் சூழ்ந்தபின் வெளிவந்து மேயும். உவா நாட்களில் ஓதமும் வற்றமும் வலியுறுங்கால், வற்றத்தின் இழுப்போடு கழிமுகம் நோக்கி நகரும். இரவில் விளக்கொளி படுமாயின் அதன் கண்கள் நீருள் கனல் போல் ஒளிரும். சோழமண்டலக் கரையில் ஓத வேறுபாடு பெரிதன்று. கோடையில் மணல் அடைத்து மூடும் கழிமுகங்களும் பல. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் முகத்தைத் திறந்தபின்னரே கடலுக்கும் கழிக்கும் போக்குவரவு நிகழும். ஆகவே இறால் தேடுவார் நிலவையும் மழையையும் முகத்தின் நிலையையும் ஒருங்கே எண்ணுவர்.

பிடிக்கும் கருவிகள் பல. ஆழம் குறைந்த இடத்தில் ஒருவரே வீசும் வீச்சுவலையும், நீருள் நடந்து முன்தள்ளிச் செல்லும் தள்ளுவலையும் பரவலாக வழங்குவன. யாழ்ப்பாணக் கடனீரேரியில் கழிகளை நட்டுக் கட்டும் சிறகுவலை இறாலையும் மீனையும் ஒருங்கே கொள்ளும். பழவேற்காட்டில் பட்டினவர் ஊர்கள், இறால் வலை கட்டும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்தைப் ‘பாடு’ என்பர். நல்லிடம் ஒருவர்க்கே உரியதாகாமல் முறையே பலர்க்கும் வருதல் அதன் பயன். இறால் நிற்கும் இடம் எது என்னும் அறிவு அங்கு ஊர் நீதியாகவே வளர்ந்துள்ளது.

கருவி யாதுமின்றிக் கையாற் பிடித்தலே இவற்றுள் மிக எளியதும் மிக நுண்ணியதும் ஆம். பழவேற்காடு, பிச்சாவரம் முதலிய இடங்களில் இருளர் ஆடவரும் பெண்டிரும் கழிநீருள் அமர்ந்தும் தவழ்ந்தும் சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பற்றுவர். ஓலையால் முடைந்த ‘பறி’ என்னும் கூடை முதுகுப்புறம் தொங்க, அதன் கயிற்றைப் பல்லாற் கடித்துக்கொள்வர். இரு கையும் துழாவுதற்கு வேண்டுதலின் இம்முறை அமைந்தது. விரல்நுனி இறாலின் மேனியைத் தொட்ட அளவில், அது பின்னோக்கித் துள்ளுமுன் பற்றுதல் வேண்டும். மஞ்சட்கிழங்கின் புறத்தை உவமித்த நற்றிணைப் புலவர் கூறிய சொரசொரப்பை இக்கைகள் நாள்தோறும் அறியும்.

இறாலை உயிரோடு காத்தலே இரைத்தொழிலின் அருமை. செவுள் ஈரமாயிருக்கும் வரையே இறால் நீருக்கு வெளியே சிறிது பொழுது உயிர் தாங்கும். வெயிலிலும், நெருக்கமாக அடைத்த தேங்கிய நீரிலும் விரைவில் மடியும். நீர் புகுந்து வெளிப்போகும் கூடையில் இட்டு நீருள் அமிழ்த்தி வைப்பின் நெடும்பொழுது உயிர்த்திருக்கும். முள்ளிற் கோக்குங்கால் தலையுள் கருமையாகத் தோன்றும் உள்ளுறுப்பினைத் தொடலாகாது. தொடின் இறால் உடனே இறக்கும். தலைக்கொம்பின் அடியிலோ வாலிலோ முள்ளைச் செலுத்துவர். அச்சமுற்ற இறால் வாலை மடக்கிப் பின்னோக்கித் துள்ளும். அத்துள்ளலே மீனை அழைக்கும். பெரும்பாணாற்றுப்படைப் பாண்மகன் தோற்பையிற் கொண்ட ஊனுக்கும் கழியில் இடும் உயிரிரைக்கும் உள்ள வேற்றுமை இதுவே. ஊன் மணத்தால் அழைக்கும். உயிரிறால் அசைவாலும் அழைக்கும். கடலில் நெடுங்கயிற்றில் பல முட்களைத் தொடுக்கும் ஆயிரங்கால் தூண்டிலுக்கு மீன்துண்டமும் கணவாயும் பயன்படுவன. ஒரு முள்ளைக் கையிற் பற்றிக் காத்திருக்கும் கைத்தூண்டிலுக்கே உயிரிறால் சிறக்கும்.

7. இரை பண்டமானமை

இறாலின் மதிப்பு 20ஆம் நூற்றாண்டின் நடுவில் முற்றும் மாறியது. அதற்கு முன்னர் உள்ளூர் உணவாகவும், உலர்ந்த பண்டமாகவுமே அது பெரிதும் வழங்கியது. மேலைக் கரையினின்று உலர்ந்த இறால் பர்மாவுக்குச் சென்றது. சென்னைக் கரையில் சென்னாக்கூனி எனப்படும் நுண்ணிறால் இன்றும் உலர்ந்த நிலையில் விற்கப்படுகின்றது.

ஆங்கிலேயர் ஆட்சியில் மீன்வளத்தை ஆராய்ந்தோர் சிலர். பிரான்சிஸ் டே என்பார் 1873இல் இந்திய, பர்மியக் கடல்மீன்கள் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெடரிக் நிக்கல்சன் முயற்சியால் சென்னை மாகாண மீன்துறை தோன்றியது. பின்னர் அத்துறையின் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இம்மாகாணத்து மீன்பிடி முறைகளைக் கரைதோறும் சென்று கண்டு எழுதினார். 1947இல் நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1952இல் இந்திய நார்வே மீன்பிடித் திட்டத்திற்கு உடன்பாடு ஏற்பட்டு, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் பணி தொடங்கிற்று. 1953இல் உறைய வைத்த இறால் கொச்சியினின்று அமெரிக்காவுக்குச் செல்லத் தொடங்கியது. அதன்பின் இழுவைப் படகுகள் பெருகின. கடலிறால் அயல்நாட்டுச் செலாவணி ஈட்டும் பண்டமாயிற்று. இரையாக முள்ளில் ஏறியது, மற்ற மீனினும் விலையுயர்ந்ததாயிற்று.

இரண்டாம் மாற்றம் கழியை அடுத்து நிகழ்ந்தது. 1990ஆம் ஆண்டுகளில் நாகப்பட்டினம் முதலிய கரைப்பகுதிகளில் இறால் வளர்ப்புக் குளங்கள் பெருகின. குளங்களின் கழிவுநீராலும் உவராலும் வயலும் குடிநீரும் கெட்டன என்ற முறையீடு எழுந்தது. சர்வோதயத் தொண்டர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய முறை வளர்ப்பு நீங்கலாக, கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியுள் இருந்த குளங்களை அகற்றவும், பழவேற்காடு, சிலிகா ஏரிகளின் 1000 மீட்டர் எல்லையுள் இறாற்குளம் அமைக்காதிருக்கவும் அது ஆணையிட்டது. பின்னர் 2005இல் இயற்றப்பட்ட கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம், பதிவு முறைக்கு உட்பட்டு இத்தொழிலை ஒழுங்குபடுத்தியது. 2009 முதல் பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வெள்ளிறால் இந்தியக் குளங்களிற் பரவியது.

இம்மாற்றங்களின் பொருளியல் நன்மை தீமைகளை ஆராய்தல் பிற துறையினர் கடன். மொழியும் வரலாறும் ஆராய்வோர் கருதவேண்டுவது வேறொன்று. குளத்து இறாலுக்குக் கழி வேண்டுவதில்லை. குஞ்சு பொரிப்பகத்தினின்று வரும். தீனி உண்டு வளரும். நாள் குறித்துப் பிடிக்கப்படும். ஓதமும் உவாவும் முகம் திறத்தலும் அறியவேண்டுவதில்லை. எனவே அவ்வறிவைத் தாங்கிய சொற்களும் வேண்டாதனவாகின்றன. கழியின் முகம் தூர்ந்து, கண்டல் அழிந்து, நீர் கெடுமிடத்து இயற்கை இறாலின் இளமைப் பருவ உறையுளே கெடும். இறாலின் வாழ்க்கைச் சுழற்சியில் கழி ஒரு கண்ணி. அது முறியின் கடலிறவும் குறையும். கடலிற் பிடிப்பார் இழப்பும் கழியிற் பிடிப்பார் இழப்பும் ஒன்றோடொன்று பிணைந்தன.

8. முடிவு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை: சங்கப் புலவர் இறவினைக் கழியிலும் கடலிலும் கண்டனர், அவ்விரு காட்சியும் இளைய இறவு, முதிர்ந்த இறவு என்னும் பருவ வேறுபாட்டோடு பொருந்துவன. தூண்டிலையும் இரையையும் அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். கழியில் இரையிடுதலும் அவர்கள் கண்டதே. இறவு இரையாயிற்று என்பதற்கு ஈண்டுக் காட்டிய செய்யுட்களில் நேர்ச்சான்று இல்லை. இடவொற்றுமையும் வழக்கும் அதனைப் பொருந்தத்தக்கதாக்குகின்றனவேயன்றி உறுதிப்படுத்துவன அல்ல.

இவ்வெல்லையை உணர்ந்து அடுத்து ஆற்றவேண்டிய பணியும் ஒன்றுண்டு. நெய்தற் செய்யுளுக்கு உரை காண்பார், கழியில் வாழ்வாரைக் கண்டு வினவுதல் வேண்டும். இறாலின் பருவந்தோறும் வழங்கும் பெயர், நீரோட்டத்தின் பெயர், சேற்றின் வகை, வலையுறுப்பு, பறியின் பின்னல், இரை கோக்கும் முறை ஆகியவற்றை ஊர்தோறும் தொகுத்தல் முதுகலை மாணவர்க்கு ஏற்ற ஆய்வுப் பொருளாகும். பழவேற்காடு, பிச்சாவரம், கோடியக்கரை, தொண்டி, யாழ்ப்பாணம் என இடந்தோறும் தொகுத்தவற்றை ஒப்பிடின், தமிழ்ப் பேரகராதியில் ஏறாத சொற்கள் பல கிடைத்தல் கூடும். அவற்றுட் சில ‘எறா’ என்பது போலப் பழைய வடிவங்களைக் காத்து நிற்றலும் கூடும்.

ஏட்டுச்சுவடிகள் செல்லரித்து அழியாமுன் தேடித் தொகுத்த அறிஞரின் உழைப்பினாலேயே இன்று நற்றிணையையும் ஐங்குறுநூற்றையும் ஒருங்கு வைத்து ஒரு சொல்லை ஆராய முடிகின்றது. கழித்தொழிலாரின் சொற்களுக்கு அத்தகைய சுவடியும் இல்லை. கழிநீருள் துழாவும் கைகள் குறையக் குறைய அச்சொற்களும் குறையும். ‘சூழ்கழி’ என்னும் தொடருக்கு முழுப்பொருள் காணவேண்டுமாயின், சூழ்ந்த கழி இருக்கும்போதே, அதனை அறிந்தார் உயிரோடிருக்கும்போதே, அப்பணி நிகழ்தல் வேண்டும்.